உருட்டலில் இறங்குவது

“அவன் கால் காலா, உலக்கையா? தெருமுனை திரும்புறதுக்குள்ள எத்தனை தடவை பிரேக்கு! என் வயித்துலயே மிதிச்ச மாதிரி இருந்துச்சு!”

“நாய் குறுக்க வந்துச்சுப்பா!”

“ரோடுன்னு இருந்தா நாய் வரத்தான் செய்யும். தூரத்துலயே பார்த்துக் கால எடுத்திருந்தா வண்டி தானா தளர்ந்திருக்கும். நாயும் போயிருக்கும், இவனும் போயிருக்கலாம்.”

“அந்த நாய்க்கு உங்க கணக்கு தெரியலப்பா. அதுக்குப் போய் ஒரு மனுஷன வேண்டாம்னு சொல்லுவீங்களா?”

பானட் திறந்து கிடந்த காருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகள். இரண்டு குரலும் தெருக்கோடி வரை போயின. எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி சட்டென்று நின்றது. மாடிவீட்டு அம்மாள் காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப்போட்டாள். காது கொடுப்பதற்கு ஆயிரம் வழி உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் துணியறை அக்கா தெருவுக்குள் நுழைந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் துணியறை வேலைக்காரி. சலவையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கிழிசலை ஒதுக்கி, மடித்து அடுக்கி வார்டு வார்டாக அனுப்புவது அவள் பொறுப்பு. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அன்று அழைத்துவரக் கார் வராததால் பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்திருந்தாள். புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

“உள்ள வந்து சண்டை போடுங்களேன். எனக்கும் கேக்கணும்ல” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

அவள் புருஷனைத் தெருவே ‘மைலேஜ்காரர்’ என்றுதான் கூப்பிடும். அவருக்கு அது பட்டம் என்று தெரியாது. விருது என்று நினைத்துக்கொண்டிருந்தார். லாரிகளை ஏற்றி நிறுத்திச் சரக்கை நிறுக்கும் எடைமேடையில் அவருக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு உலகத்தில் எல்லாமே பாரமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் தன் காரையே மேடையில் ஏற்றிப் பார்த்தார். அன்று பிடித்தது சனி.

முதலில் பின்சீட்டு போனது. பிறகு ஸ்டெப்னி கட்டிலுக்கடியில் போனது. ஜாக்கியைக் காற்றுக்கு அடிக்கிற சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். கழற்றிய மேல் கேரியரில் துணி காயவைத்தார்கள். முன்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் பாதியை அட்டை வெட்டி அடைத்தார். சக்கரங்களின் பள்ளத்தில் காற்று சிக்குகிறதென்று வாளி மூடிகளைப் பொருத்தினார். ஏசியின் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். டயரில் அடித்த காற்று கல்லாய் நின்றது. ரோட்டில் கிடக்கும் வேர்க்கடலைத் தோல்கூட உட்கார்ந்திருப்பவர் இடுப்புக்குத் தெரியும். எடைமேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. ஆகவே கழற்றியதெல்லாம் பத்துக் கிலோ சேரும் வரை முகம் வாடிக் கிடப்பார். சேர்ந்த அன்று வீட்டில் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்: மைலேஜ் கிடைக்கத்தான் செய்தது. பெட்ரோல் பங்க்கில் குழாய் பிடிக்கிறவன் இவர் முகத்தையே மறந்துபோய், ஒவ்வொரு தடவையும் “ஊருக்குப் புதுசா சார்?” என்று கேட்டான்.

பின்சீட்டு இல்லாத காரில் மகளுக்கு இடமில்லை. அதனால் அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். பஸ் நிறுத்தம் ஆம்புலன்ஸ்கள் நிற்கும் கொட்டகைக்கு எதிரே. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. “பெட்ரோல மிச்சம் பிடிக்கப் போயி பொண்ண விட்டுட்டாரு” என்று மாடிவீட்டு அம்மாள் சொன்னதைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

இதில் ‘உருட்டல்’ என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் கதை விளங்கும். வண்டியை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி நகர்த்துவதுதான் பெட்ரோலைக் குடிக்கிறது என்பது மைலேஜ்காரரின் கட்சி. அதனால் வீட்டு ஆட்களை ஏற்றவோ இறக்கவோ அவர் வண்டியை நிறுத்துவதில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்குத் தளர்த்துவார். ஏறுகிறவர் கூடவே நடந்து ஏற வேண்டும். இறங்குகிறவர் இறங்கிக் கூடவே நடந்து கதவைச் சாத்த வேண்டும். அதற்குத்தான் வீட்டில் உருட்டல் என்று பெயர். ‘உருட்டு’ என்றால் ஊரில் புளுகு என்றும் அர்த்தம் என்பதால், மைலேஜ்காரர் தன் கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று ஆரம்பித்தாலே தெருவில் யாராவது ஒருத்தர் இருமுவார்.

ஆஸ்பத்திரி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. மேட்டில் ஏற்றினால் வாரமெல்லாம் சேர்த்தது ஒரே மூச்சில் போய்விடும். எனவே அக்காவுக்குத் தினமும் மேட்டடியில் உருட்டல். டயர் கடை வந்ததும் சீட் பெல்ட்டை அவிழ்ப்பாள். அடுத்த வேகத்தடையில் வண்டி தளரும். பையைத் தோளில் போட்டு, கதவைத் திறந்து, ஒரு காலை வைத்து, உடம்பை முன்பக்கமாகச் சாய்த்து இறங்கி, நாலு எட்டு கூட நடந்து கதவைச் சாத்துவாள். ஆரம்பத்தில் பயந்தாள். பிறகு வெட்கப்பட்டாள். அப்புறம் இரண்டும் போய், பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மேடு. முழங்கால் இரண்டும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தை சொல்லும். மேலே போனால் விரிப்பு மலை காத்திருக்கும்.

அன்றைய சண்டையின் வேர் பிரேக்கில் இல்லை என்பதை மகள் சமையலறையில் வைத்து அக்காவிடம் சொன்னாள். அந்தக் கொட்டகையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி முறையாகப் பெண் கேட்டு வந்திருந்தான். மைலேஜ்காரர் சாவியை நீட்டி, “ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க” என்றாராம். மகள் பின்னால் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்து போயிருக்கிறாள். திரும்பி வருகையில் இவர் சாவியை வாங்கி, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டுக் கெத்தாக விட்டிருக்கிறார். அந்தத் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “மாமா, நியூட்ரல் வேணாம். கியர்லயே வெச்சுக் கால எடுத்தா இந்த வண்டியில பெட்ரோல் தானா நின்னுடும். பிரேக்கும் கைக்குள்ள இருக்கும்” என்று சொல்லிவிட்டான்.

“அதுக்கப்புறம் அப்பா பேசவே இல்லம்மா. வீட்டுக்கு வந்துதான் நாயப் பிடிச்சுக்கிட்டாரு.”

“அவன் எதுக்கு அதைச் சொன்னான்?”

“உண்மையத்தானம்மா சொன்னாரு.”

“பொண்ணு கேக்க வந்த இடத்துல உண்மைய யாருடீ கேட்டா?” என்றாள் அக்கா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

மகள் கீழே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவனை வளர்த்த பெரியம்மா பேச வருகிறாள். அன்றைக்கு அப்பா சரியென்று சொன்னால் சரி. இல்லையென்றால் சொல்லாமல் கிளம்பிவிடுவாள்.

“சொல்லாமன்னா?”

“இப்பவே சொல்லிட்டேன்ல.”

அக்கா முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். மகள் போகட்டும், போக வேண்டிய வயசுதான். ஆனால் சண்டையில் போனால் அந்தச் சண்டை இந்த வீட்டிலேயே தங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், டிவிக்கு முன்னால், தினம் காலையில் டயர் கடை வரையிலும் அவர் அதையே ஓட்டிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் இவள். மகள் வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டு போக வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சை எடுத்தாள்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை அவங்க பெரியம்மா வர்றாங்களாம்.”

“வரட்டும்.”

“என்ன சொல்லப்போறீங்க?”

“பார்ப்போம்.”

“பார்ப்போம்னா?”

“எதுலயும் அவசரப்பட்டு மிதிக்கக் கூடாதும்மா. விட்டுப் பிடிக்கணும். தானா உருண்டு எங்க நிக்குதோ அங்க நிக்கட்டும்.”

“கல்யாணம் என்ன இறக்கமாங்க, தானா உருள?”

மைலேஜ்காரர் எழுந்து போய்க் கை கழுவினார். அவருக்குப் பிடிக்காத கேள்வி வந்தால் இப்படித்தான்; ஆளே நியூட்ரலுக்குப் போய்விடுவார். அக்கா தட்டுகளை எடுத்தாள். இதைவிடச் சண்டை போடுகிற புருஷனாக இருந்தாலும் தேவலை என்று அவள் நினைத்த நாள்கள் உண்டு. அதற்கும் தெம்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். பேக்கரி வைத்திருப்பவள், கையில் கேக் பெட்டி, கழுத்தில் வியர்வைத் துண்டு, வாயில் ஓயாத பேச்சு. தன் பெரிய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. நின்றது என்றால் முழுக்க நின்றது. பெரியம்மா எஞ்சினை அணைத்து, கண்ணாடியில் முகம் பார்த்து, பெட்டியை எடுத்து, சாவகாசமாக இறங்கினாள். அக்கா ஜன்னலில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டுமென்ற நினைவு வந்தது.

“சம்பந்தி, சௌக்கியமா?” என்றாள் பெரியம்மா, உட்காருவதற்கு முன்பே.

“இன்னும் அந்த முறை வரலீங்களே” என்றார் மைலேஜ்காரர்.

“வராம எங்க போகும்? கூப்பிட்டுப் பழகிக்கிறேன். எங்க பையன்கிட்ட என்ன குறை கண்டீங்க, சொல்லுங்க. சொத்தை, சொட்டை, சோம்பேறித்தனம்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. கால் கொஞ்சம் கனம்.”

“என்னது, யானைக்காலா?”

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மைலேஜ்காரர் விளக்கினார். பெரியம்மா கேட்டுக்கொண்டே ஒரு கேக் துண்டை முடித்தாள்.

“அண்ணே, அவன் ஏத்திட்டுப் போறது மூச்சு இழுத்துக்கிட்டிருக்கிற ஆளுங்கள. மைலேஜ் பார்த்து ஓட்டினா சுடுகாட்டுக்குத்தான் நேரா விடணும். சரி, விடுங்க. அவனுக்கு இன்னிக்கு லீவு கிடைக்கல. ஆஸ்பத்திரியிலதான் இருக்கான். வாங்க, போய் அவனையும் முன்னால வெச்சுப் பேசி முடிச்சிடுவோம். சரின்னா சரி, இல்லன்னா இல்ல. ரெண்டுல ஒண்ண இன்னிக்குக் கேட்டுட்டுத்தான் நான் கடை திறப்பேன்.”

மைலேஜ்காரர் தன் காரில் வருவதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அக்காவை முன்சீட்டில் ஏற்றிப் பெரியம்மாவே பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். அப்பாவும் மகளும் பின்னால், ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த சீட்டு இருக்கிறதே! அக்கா அதில் அமிழ்ந்துபோனாள். ஏசியின் குளிர் கழுத்தில் பட்டது. ரோட்டில் பள்ளமே இல்லாததுபோல் இருந்தது. முந்தின நாள் விரிப்பு மூட்டை இரட்டிப்பாக வந்திருந்தது; ராத்திரி சரியாகத் தூங்கவுமில்லை. பின்னாலிருந்து மைலேஜ்காரர், “சிவப்பு விளக்கு தூரத்துலயே தெரியுதே, இப்பவே கால எடுக்கலாமே” என்று சொல்வதும், பெரியம்மா, “நான் கால எடுத்தா பின்னாடி வர்றவன் ஹாரன்ல கைய வைப்பான் அண்ணே” என்று சொல்வதும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டன. கண் சொக்கியது.

டயர் கடை வந்தது. அக்காவின் கை பெல்ட்டை அவிழ்த்தது. வேகத்தடைக்காகக் கார் தளர்ந்தது. தோளில் பை ஏறியது, கதவு திறந்தது, கால் வெளியே போனது. எல்லாவற்றையும் உடம்பு தன்னால் செய்தது. அக்கா இன்னும் தூக்கத்தில்தான் இருந்தாள்.

ஆனால் பெரியம்மாவின் தளர்வு மைலேஜ்காரரின் தளர்வு அல்ல. வேகத்தடையைத் தாண்டியதும் அவள் மிதித்தாள்.

மகள் “அம்மா!” என்று போட்ட சத்தத்தில் பெரியம்மா பிரேக்கை அழுத்தினாள். அக்கா ரோட்டோரம் கையை ஊன்றி விழுந்து, ஒரு தடவை புரண்டு, பையோடு உட்கார்ந்திருந்தாள். டயர் கடைக்காரர் ஓடிவந்தார். மைலேஜ்காரர் இறங்கி ஓடிவந்து, எல்லோருக்கும் கேட்க ஒன்று சொன்னார். அது தெருவில் இன்னும் நிற்கிறது:

“எவ்வளவு நேர்த்தியா இறங்குவா! உருட்டல்ல இறங்க வேண்டியவ, ஓட்டத்துல இறங்கிட்டாளே!”

பெரியம்மா அக்காவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. “ஏம்மா குதிச்சீங்க? எங்க பையன அவ்வளவு பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே தாயே!”

“குதிக்கலம்மா. இறங்கினேன்.”

“வண்டி ஓடிட்டிருக்கும்போதா?”

“எங்க வீட்டுக் கார் நிக்காதும்மா.”

“நிக்காதா? பிரேக் இல்லையா?”

“பிரேக் இருக்கு” என்றாள் அக்கா, வீங்க ஆரம்பித்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. “போட மனசு இல்ல.”

டயர் கடைக்காரர்தான் மெல்ல, “தினமும் பார்ப்பேங்க. அந்தம்மா இறங்குறப்பல்லாம் எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கும்” என்றார்.

பெரியம்மா மாப்பிள்ளைக்கு... அதாவது இவர்களுக்கு மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கு, அவளுக்குப் பிள்ளை முறை, எல்லாம் ஒன்றுதான், போன் போட்டாள். ஆம்புலன்ஸ் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. தம்பி அக்காவின் கையை ஓர் அட்டையில் வைத்துக் கட்டி, தாங்கிப் பிடித்து ஏற்றினான். மகள் கூட ஏறினாள். மைலேஜ்காரருக்கு முன்சீட்டில், வண்டி ஓட்டும் தம்பி பக்கத்தில் இடம் கிடைத்தது.

ஆம்புலன்ஸ் மேடு ஏறியது. எருமை தண்ணீருக்குள் இறங்குவதுபோல அவ்வளவு மெதுவாக, அலுங்காமல். பின்னால் வந்த ஒரு வண்டி ஹாரன் அடித்துச் சலித்து முந்திப்போனது.

“என்ன, மிதிக்கவே இல்ல?” என்றார் மைலேஜ்காரர்.

“அத்தைக்கு எலும்புல அடி மாமா. குலுங்கினா உயிர் போற மாதிரி வலிக்கும்.”

மைலேஜ்காரர் குனிந்து அவன் காலைப் பார்த்தார். அக்கா படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேட்டை அவள் கால் ஏறவில்லை. வலியோடு வலியாக அதையும் கவனித்தாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டாள், “எப்படிக்கா விழுந்தீங்க?” சொன்னாள். நர்ஸ் நிமிர்ந்து மைலேஜ்காரரைப் பார்த்தாள். “ஓ, மேட்டடி சார் நீங்கதானா?” என்றாள். அதைக் கேட்டு மருந்துக் கவுண்டரிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்து, ஏற இறங்கப் பார்த்து, “நிப்பாட்டாத சார்” என்று இன்னொருவருக்கு அறிமுகம் செய்தார். மேலே இருக்கும் வார்டுகளின் ஜன்னல்கள் எல்லாம் அந்த மேட்டைப் பார்த்துத்தான் இருக்கின்றன. காலை ஷிப்டில் இருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே தினமும் வேடிக்கை பார்த்த காட்சி அது. மேட்டடியில் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்த மனிதருக்கு, அந்த வராந்தாவில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை. சுவரோரம் ஒதுங்கினார். சுவரிலும் ஒரு ஜன்னல்.

பெரியம்மா விடவில்லை. “சம்பந்தி, சரியா இல்லையா?”

“இங்கயேவா பேசணும்?”

“இங்கயேதான். எல்லாரும் கேக்கட்டும்.”

மைலேஜ்காரர் நாலு பக்கமும் பார்த்தார். நாலு பக்கமும் ஆள்.

“சரிங்க. கட்டிக்கட்டும். முதல்ல இங்கேருந்து போவோம்” என்றார்.

மகள் அழுதாள். பெரியம்மா நர்ஸுக்கும் கவுண்டர்காரிக்கும் கேக் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தாள். செய்தியைச் சொல்ல மகள் உள்ளே ஓடியபோது, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து, அக்கா தானே மடித்து அனுப்பிய விரிப்பின்மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொன்னார்கள். “நல்லது” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினாள்.

கட்டுப் பிரிக்கிற வரை அக்கா வேலைக்குப் போகவில்லை. பிரித்த பிறகு மைலேஜ்காரர் ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு போய், மேட்டடியில் காரை முழுக்க நிறுத்தினார். நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

“மேல விடுதியில ஒரு ரூம் காலியா இருக்காம். கேட்டிருக்கேன். அங்கயே இருந்துட்டா மேடு ஏற வேண்டியதில்ல.”

“அப்போ நான்?”

“உங்களுக்கு எடை குறையுமேங்க” என்றாள்.

சண்டை மாதிரி சொல்லவில்லையாம். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாளாம். டயர் கடைக்காரர் சொன்னதுதான்; அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கல்யாணம் அதற்கு முன்பே, மாதக் கடைசிக்குள், ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்திருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார், அம்மா கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றாள். மகளும் மாப்பிள்ளையும் மறுநாளே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது அவளும் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். பேக்கரிப் பெரியம்மா அந்த ஊரிலேயே கிளை திறக்கப்போவதாகக் கேள்வி. எதிர்வீட்டுக்காரர்கள் வீடு மாறிவிட்டார்கள். துணியறை அக்கா ஆஸ்பத்திரி விடுதியில் தங்கிவிட்டாள். கோபித்துக்கொண்டு போனதாக யாரும் சொல்ல முடியாது, பண்டிகை விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் இருந்து சமைத்துப்போட்டுவிட்டுப் போகிறாள். மைலேஜ்காரர் எங்கள் தெருவில்தான், அதே வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போகிறார். காரை மேட்டடியில் விட்டுவிட்டு நடந்தே ஏறுகிறார் என்று கேள்வி.